பஞ்சாரத்துக்குள் ஒரு துரை

எங்கள் தெருவில் ஒரு சேவலைக் கீரி கடித்துவிட்டது.

'இதெல்லாம் ஒரு செய்தியாய்யா?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. என்னிடம் கேளுங்கள், பரவாயில்லை. மல்லிகாக்காவிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

மல்லிகாக்கா எங்கள் அடுத்த வீடு. கணவர் செல்வராசு அண்ணன் போன தை மாதம் தவறிவிட்டார். நெஞ்சுவலி என்று தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வேன் வாசலில் நிற்கிறது... அந்த அவசரத்திலும் அக்கா கொல்லைக்கு ஓடினார். அப்போதுதான் கொண்டை முளைத்திருந்த ஒரு சேவலைப் பிடித்தார். தலையில் மஞ்சள் தண்ணீரைத் தெளித்தார். "வீரா, அவரு நடந்து வீட்டுக்கு வரட்டும். இது உனக்கு" என்று ஊர்ச்சாமி வீரனுக்கு நேர்ந்துவிட்டார்.

அண்ணன் நடந்து வரவில்லை. அதே வேனில், படுத்தபடி வந்தார்.

சாமிக்கு நேர்ந்த சேவலை விற்கக் கூடாது. குழம்பும் வைக்கக் கூடாது. சரி, கேட்டதைச் சாமி கொடுக்கவில்லை. இப்போது அந்தச் சேவல் யாருக்கு? பூசாரியிடம் போய்க் கேட்டார் அக்கா. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வீரனுக்கு இதக் கேக்க மொகம் இல்லம்மா. நீயே வச்சுக்க" என்றாராம். பெரிய மனுஷன்!

அப்படித்தான் அது மல்லிகாக்காவின் சேவல் ஆனது. பெயர் துரை. நெஞ்சை நிமிர்த்தி, ஒவ்வொரு காலாக எடுத்துவைத்து, யாருக்கும் வழிவிடாமல் நடக்கும். ஒருநாள் அக்கா அதைக் காட்டிச் சொன்னார்: "அவரு நடைதான் தம்பி. நடந்து வரட்டும்னு கேட்டேன்ல... நடை மட்டும் வந்துருக்கு."

இப்போது கீரிக்கு வருவோம்.

குறுவை அறுப்பு முடிந்த நேரம். ஈரப்பதம் கூடுதலாக இருந்தால் கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுக்க மாட்டார்கள். வானமோ கறுத்துக்கொண்டு நிற்கிறது. கொஞ்சம் வெயில் தலைகாட்டினால் போதும், தெருவே ரோட்டில் நெல்லைக் கொட்டிப் பரப்பும். கோழிகளை ஒரு குச்சியால் விரட்டிவிடலாம். துரையை விரட்ட முடியுமா? அது தின்பதைவிடச் சீய்த்து இறைப்பதுதான் அதிகம். போதாததற்கு 'கொக் கொக்' என்று ஊர்க் கோழிகளை எல்லாம் பந்திக்கு அழைக்கும்.

அதனால் நெல் காயும் நாளில் துரைக்குப் பஞ்சாரம்தான். மூங்கில் கூடையைக் கவிழ்த்து, மேலே ஒரு செங்கல். அன்றும் கொல்லையில் அப்படித்தான் கவிழ்த்துவிட்டு ரோட்டில் நெல்லைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தார் அக்கா. கொல்லையில் கூடையின் ஒரு பக்கம் தரை பள்ளமாக இருந்ததை யார் பார்த்தது? கீரி பார்த்தது.

அலறல் கேட்டு நானும் ஓடினேன். அக்கா செங்கலைத் தள்ளிக் கூடையைத் தூக்க, கீரி வாழைக்குள் பாய்ந்து மறைந்தது. கழுத்தோரம் கிழிந்து, ஒரு இறக்கை தொங்கிக்கிடந்தது துரைக்கு.

வெளியே இருந்திருந்தால் கூரைக்குப் பறந்திருக்கும். உள்ளே எங்கே பறக்க?

பைக்கில் நான் முன்னே, மடியில் துரையோடு அக்கா பின்னே... மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம். சின்ன வயது டாக்டரம்மா. "கோழிக்கு நான் தையல் போட்டதே இல்லைங்க" என்றார். "அதுக்கும் தையல் போட்டுப் பழக்கமில்லம்மா, போடுங்க" என்றார் அக்கா. போட்டார். இறக்கையைக் கட்டி, மருந்து கொடுத்து, கடைசியில் சொன்னார்: "வெளிய விட்டுடாதீங்க. அசையக் கூடாது. கூடைக்குள்ளயே இருக்கட்டும்."

மறுபடியும் கூடை!

டீக்கடையில் வண்டியை நிறுத்தினோம். கோவிந்து, எங்கள் தெரு டிராக்டர் டிரைவர், வாய் சும்மா இருக்காத ஆள், ஓடி வந்தான். "சேவலுக்குத் தையலா? காப்பீட்டு அட்டை எடுத்துட்டுப் போனியாக்கா?" கடையே சிரித்தது. "பேசாம ரெண்டு பட்டை, கிராம்பு போட்டுப் பாரு. எந்தக் காயமா இருந்தாலும் ஆறிடும்."

"ஒன் வாய்க்கு மொதல்ல தையல் போடணும்டா" என்றார் அக்கா. அன்று அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பஞ்சாரம் இப்போது வீட்டுக் கூடத்துக்கு வந்தது. கீழே சாக்கு, பக்கத்தில் மின்விசிறி. குருணையைக் குழைய வேகவைத்து மோர் ஊற்றி வைத்தார். துரை திரும்பிப் பார்க்கவில்லை. இங்க் ஃபில்லரால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டார். பாதி உள்ளே, பாதி மூக்கு வழியாக வெளியே. மூங்கில் சந்து வழியே வாசல் வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. கூவவில்லை. அதன் கூவலுக்குத் திட்டிக்கொண்டே எழுந்த தெரு, கூவாத காலையிலும் அதே நேரத்துக்கு எழுந்து, 'என்ன சத்தத்தைக் காணோம்?' என்று கேட்டது.

தண்ணீர் விட்டுக்கொண்டே ஒருநாள் அக்கா என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"ஆஸ்பத்திரில அவரு என் கையப் புடிச்சிக்கிட்டு, 'வீட்டுக்குப் போயிடலாம் மல்லி'ன்னாரு. ரெண்டு நாளு பொறுங்கன்னேன். மறுபடி கேட்டாரு. மறுபடியும் பொறுங்கன்னேன். கண்ணாடிக் கதவப் போட்டு உள்ள வச்சுக்கிட்டாங்க. அப்புறம் அவரு கேக்கவே இல்ல..."

ஃபில்லரை உதறினார்.

"பத்தரமா இருக்கட்டும்னு நான் வச்ச எடத்துலதான் தம்பி, எல்லாம் நடக்குது."

டாக்டர் சொன்னதைத்தானேக்கா செய்தீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதை அவர் தனக்குத் தானே எத்தனை முறை சொல்லிப் பார்த்திருப்பார்? எழுந்துபோய்க் கிண்ணத்தில் தண்ணீர் நிரப்பிவந்து கொடுத்தேன்.

புண்ணில் சீழ் வைத்துவிட்டது. டாக்டரம்மாவே வீட்டுக்கு வந்து பார்த்தார். மருந்தை மாற்றவில்லை. அக்காவின் தோளைத் தொட்டு, "இதுக்கு மேல அதுக்கு வலி குடுக்க வேணாம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா பஞ்சாரத்தைத் தூக்கிச் சுவரோரம் சாய்த்தார். வாசல் கதவை விரியத் திறந்தார். "போடா துரை" என்றார்.

நடந்தது. நெஞ்சு நிமிரவில்லை, கால் மட்டும் பழையபடி ஒவ்வொன்றாக எடுத்துவைத்தது. வாசலைத் தாண்டி, ரோட்டில் காய்ந்த நெல்லின் விளிம்புவரை போய் நின்றது. கோழிகள் ஓடி வந்தன. 'கொக்' என்று ஒரே ஒரு சத்தம். அழைத்ததா, வலியா? எனக்குத் தெரியாது. அப்படியே நெல்மேல் உட்கார்ந்துகொண்டது. அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். முதுகில் வெயில் ஏறிக்கொண்டிருந்தபோது, துரையின் தலை மெல்லச் சாய்ந்தது.

"இதையாவது... கேட்ட எடத்துக்கு அனுப்பிட்டேன்" என்றார்.

குழி வெட்டியது யார் தெரியுமா? கோவிந்து. யாரும் கூப்பிடவில்லை. மண்வெட்டியோடு வந்தான், தென்னையடியில் ஆழமாக வெட்டினான், ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான்.

நாமும் யாரையாவது பத்திரமாக இருக்கட்டும் என்றுதானே கவிழ்த்து வைக்கிறோம்? மேலே ஒரு செங்கல் வேறு. அது பாசம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் உள்ளே இருப்பவர் வாசலைப் பார்க்கிறாரா என்று சந்து வழியே ஒரு தடவை குனிந்து பார்ப்பதில் என்ன குறைந்துவிடும்?

நேற்றும் நல்ல வெயில். அக்கா வீட்டு நெல் ரோட்டில் காய்ந்தது. கோழிகள் நடுவில் நின்று சீய்த்துக்கொண்டிருந்தன. பழக்கதோஷத்தில் நான் குச்சியை எடுத்தேன். அக்கா தடுத்தார்.

"விடுங்க தம்பி... நெல்லுதானே!"