மாமி கழற்றிய காப்பு

இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு பெப்ரவரி மாதம். நான் அப்போது மொன்ட்ரியாலின் மேற்கு முனையில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் உயிரியல் படித்துக்கொண்டிருந்தேன். சென்ட் லோரன்டில் அக்கா வீட்டில் தங்கி, பஸ் மாறி மாறிப் போய் வருவேன். படித்ததை யாருக்காவது உடனே சொல்லாவிட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கூடத் தப்ப முடியாது.

அந்த மாதம்தான் அக்காவுக்கு மகள் பிறந்தாள். பிறக்கும்போதே விரல் நுனிகளிலும் குதிக்காலிலும் தோல் இல்லை. மருத்துவமனையில் ஒட்டிய பிளாஸ்டரை எடுத்தபோது அதோடு தோலும் சேர்ந்து வந்தது. அழுகைகூடக் கரகரத்துத்தான் கேட்டது.

நோயின் பெயரை மருத்துவர் சொன்னதுமே எனக்கு விளங்கிவிட்டது. முந்தைய படிப்புத் தவணையில்தான் அதைப் படித்திருந்தேன். தோலின் கலங்கள், இந்தியாவில் செல்கள் என்பார்கள், ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டிருப்பவை. அடிவரிசையில் உள்ளவை கீழே இருக்கும் படலத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். எங்கள் பிள்ளைக்கு அந்த நங்கூரத்தின் புரதம் உருவாகவேயில்லை. கலங்கள் கைகோத்துத்தான் இருந்தன. ஊன்றி நிற்கத்தான் வழியில்லை. லேசாக உரசினாலே மேல்தோல் வழுகிக் கொப்புளமாகி உரிந்துவிடும்.

இதையெல்லாம் படம் கீறி விளக்கினேன். அக்கா முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப இவளை எப்பிடியடா தூக்கிறது?" என்றாள். என் பாடத்தில் அது இருக்கவில்லை.

அதைக் காட்டித் தந்தவர் ஒரு தாதி. அக்குளில் கை கொடுக்கக் கூடாது. மெத்தென்ற பஞ்சணையோடு சேர்த்துத்தான் ஏந்த வேண்டும். தையல் உறுத்தாதபடி சட்டையை உள்பக்கம் வெளியே வர மாட்ட வேண்டும். முதல் பிறந்தநாள் வரை தாங்குவது கடினம் என்று மருத்துவர்கள் ஒளிக்காமல் சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு, பிறப்புத் தீட்டுக் கழிக்கும் சடங்கு. எங்கள் யாழ்ப்பாணத்து வீடுகளில் அன்றைக்குப் பிள்ளைக்கு நகை போடுவார்கள். தகப்பனின் சகோதரி காப்புப் போடுவது எங்கள் வீட்டு முறை. அக்காவின் கணவரான அத்தானின் அக்கா மொன்ட்ரியால்-நோரிலிருந்து வந்தார். எனக்கு மச்சாள், பிள்ளைக்கு மாமி. வீட்டிலேயே கார்டெரி, அதாவது குழந்தைகள் காப்பகம், நடத்தி ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் பார்த்துக்கொள்பவர். அத்தான் அவரிடம் போனில், "தோலில ஒரு வருத்தம்" என்பதற்கு மேல் நோயைப் பற்றி எதுவும் சொல்லியிருக்கவில்லை. சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"எங்க என்ர மருமகள்? மாமி வந்திட்டன்." கோட்டைக்கூடக் கழற்றாமல் சின்னச் சிவப்புப் பெட்டியைத் திறந்தார்.

"அக்கா, காப்பு வேண்டாம்" என்றார் அத்தான்.

"ஏன், கனடாவில பிறந்த பிள்ளையைப் பொன் கடிக்குமோ? வெறுங்கையோட கிடக்க இவள் என்ன அநாதையே?"

நான் குறுக்கே போய் நங்கூரம், புரதம் என்று தொடங்கினேன்.

"டொக்டர் தம்பி, பாடத்தைப் பிறகு எடுங்கோ. நான் தூக்காத பிள்ளையே? தள்ளுங்கோ பாப்பம்."

இரண்டு கைகளும் தொட்டிலை நோக்கி நீண்டன. கை நிறைய வளையல்கள். அப்போது அக்கா, "மச்சாள், கட்டு மாத்திற நேரம். பாத்திட்டுப் போடுங்கோ" என்றாள். அந்தக் குரலில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை.

இளஞ்சூட்டு நீர் ஊற்றி ஊற்றி அக்கா துணியை இளக்கினாள். மணிக்கட்டைச் சுற்றி, காப்பு விழும் அதே இடத்தில், தோல் இல்லை. முதல்நாள் சட்டையின் கைவிளிம்பு உரசிய இடம் அது. பிள்ளை அந்தக் கரகரத்த குரலில் அழுதாள்.

மச்சாள் பெட்டியை மூடினார். நேராகக் குசினிக்குப் போனார். கோபித்துக்கொண்டாரோ என்று பின்னாலே போனேன். சமையற்கட்டுக் குழாயடியில் நின்று மணிக்கட்டுகளில் சவர்க்காரம் போட்டுக்கொண்டிருந்தார். கலியாணத்துக்குப் பிறகு கழற்றாத வளையல்கள். கை மூட்டில் இறுகி நின்றன.

"நிண்டு பாக்காம இழுங்கோ தம்பி."

இழுத்தேன். கடைசி வளையல் புறங்கையைச் சிராய்த்துக்கொண்டு வந்தது. அந்தச் சிராய்ப்பையே கொஞ்ச நேரம் பார்த்தார். "எனக்கு இந்தளவுக்கே எரியுது" என்றார். பிறகு மோதிரங்களையும் கழற்றி, தாலிக்கொடியை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, அக்காவின் அருகில் போய் உட்கார்ந்து வெறுங்கைகளை நீட்டினார். "இனிச் சொல்லித் தாங்கோ பிள்ளை, எப்பிடித் தூக்கிறது?"

அக்கா பஞ்சணையோடு பிள்ளையை அந்தக் கைகளில் வைத்தாள். பிள்ளையின் அழுகை ஓயவில்லை. ஆனால் அந்தக் கைகளால் புதிதாக ஒரு காயமும் வரவில்லை.

அன்றிலிருந்து வாசலில் ஒரு எவர்சில்வர் தட்டு இருந்தது. வருகிறவர்கள் வளையல், மோதிரம், கைமணிக்கூடு எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டுத்தான் அறைக்குள் வருவார்கள். தெரியாமல் வந்தவர்களுக்கு மச்சாளே வாசலில் நின்று சொல்லுவார்.

பிள்ளை கோடையைக் காணவில்லை. தொண்டைக்குள்ளும் தோல் உரிந்து மூச்சு அடைத்து, மே மாதத்தில் இறந்துபோனாள். உடலைத் தயார்செய்யும் இடத்தில் இருந்தவர் மிகப் பணிவாக, பிள்ளைக்கு ஏதாவது நகை அணிவிக்க விருப்பமா என்று பிரெஞ்சில் கேட்டார். அத்தான் தன் அக்காவைப் பார்த்தார். மச்சாளின் கைகள் அப்போதும் வெறுமையாகத்தான் இருந்தன.

"வேண்டாம்" என்றார் மச்சாள். "பிள்ளைக்கு நோகும்."

பிறகு அந்த நோயைப் பற்றி நான் எவ்வளவோ படித்துவிட்டேன்; ஆனால் இன்றும் யாராவது ஒரு கைக்குழந்தையை என்னிடம் நீட்டினால், என்னையறியாமல் நான் முதலில் செய்வது என் கைக்கடிகாரத்தைக் கழற்றுவதுதான்.