பழனிச்சாமியின் இலேசான தோட்டாக்கள்

சென்ற வாரம் லிவர்மோர் கோயிலில் விளக்குத் துலக்கும் பணிக்குப் போயிருந்தேன். பிளசன்டனிலிருந்து மகள் காரில் கொண்டுவந்து விட்டாள். என் போன்ற முதியவர்களுக்கென்று ஒதுக்கிய வேலை அது. உட்கார்ந்தபடி செய்யலாம், ஊர்க்கதை பேசியபடியும் செய்யலாம். கரைத்த புளியைப் பித்தளையில் தேய்த்ததும் எழுந்த வாசனை, அடியார் நடுவே அமர்ந்திருந்த என்னைப் பழைய கராஜ் ஒன்றுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. இறைவன் திருமுன்னே இருந்துகொண்டு துப்பாக்கித் தோட்டாவை நினைப்பது எவ்வகை பக்தி என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அந்தக் கராஜ் பழனிச்சாமியுடையது. காங்கேயத்துக்காரர். மில்பிடாஸில் என்னோடு வேலை பார்த்தவர்; லிவர்மோரில் நான் குடியிருந்த காலத்தில் அடுத்த தெருக்காரர். ஒரே காரில் மலையைத் தாண்டி வேலைக்குப் போய்வருவோம். நான் பதிகம் முணுமுணுப்பேன். அவர் முன்னால் போகும் காரைத் திட்டுவார். சில நாள் இரண்டும் ஒரே பண்ணில் அமைந்துவிடும்.

எங்கள் கூட்டத்தில் யாருக்கும் இல்லாத பழக்கம் ஒன்று அவருக்கு இருந்தது. உரிமம் வாங்கி, இலையுதிர் காலத்தில் மான் வேட்டைக்குப் போவார். தோட்டாக்களையும் தாமே நிறைத்துக்கொள்வார். சுட்டபின் மிஞ்சும் பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, துலக்கி, வெடிமருந்திட்டு, புதுக் குண்டைப் பொருத்துவார். மற்றவர்கள் இயந்திரத்தில் துலக்குவதை இவர் புளியால் துலக்கினார். அவர் மனைவி சரோஜா என்னைக் கண்டால் முறையிடுவார். "ரசம் வைக்கப் புளி வேணும்னா கராஜுலதாண்ணா தேடறேன். மான் கறிக்கு மட்டும் புளி வேண்டாமாம், மான் கொல்லறதுக்கு வேணுமாம்."

பிறகு அவருக்கு இதய நோய் வந்தது. நெஞ்சுத் தோலுக்கடியில் துடிப்பைச் சீராக்கும் கருவி ஒன்றைப் பொருத்தினார்கள். சுடும்போது பெரிய துப்பாக்கி தோளில் உதைப்பது ஆகாது என்றார் மருத்துவர். பழனிச்சாமி பெரியதை விற்றுவிட்டுச் சிறு குழல் துப்பாக்கி ஒன்றை வாங்கினார். கடைத் தோட்டா அதிலும் உதைத்தது. ஆகவே இலேசான செம்புக் குண்டு, குறைவான வெடிமருந்து, எல்லாம் வீட்டுத் தயாரிப்பு. ஆனால் மாத்திரைகளால் அவர் கை நடுங்கத் தொடங்கியிருந்தது. சின்னத் தராசில் மருந்து சிந்தும், அளவு நிற்காது. அளவு மிஞ்சினால் துப்பாக்கி முகத்தருகே வெடித்துவிடக்கூடும்.

"ணா, உங்க கை ஆடாதுங்களே. அளந்து மட்டும் குடுத்துருங்க."

"நான் சைவம்ப்பா."

"மருந்தும் சைவந்தானுங்ணா. பஞ்சுல பண்றது."

என் நிலையை எண்ணிப் பாருங்கள். அளவு தவறினால் நண்பருக்கு ஆபத்து. சரியாக அளந்தால் ஒரு மானுக்கு முடிவு. மறுத்தால் அவரே நடுங்கும் கையால் அளப்பார். விட்டுவிடும்படி கேட்டுப் பார்த்தேன். "டாக்டர் கார் ஓட்டாதேங்கறார், தூக்காதேங்கறார், மாடிப்படி ஏறாதேங்கறார். இதையும் விட்டுட்டு நான் என்னத்துக்குங்ணா?" என்றார். உங்கள் சாமியே வேடனாக வந்தவர்தானே என்று எனக்கே பாடமும் நடத்தினார். நான் அளந்தேன். "காலைல திருநீறு, சாயங்காலம் வெடிமருந்து. சாமிக்கே குழப்பமா இருக்கும்," என்றாள் என் மனைவி.

ஒன்றில் மட்டும் அவர் கண்டிப்பானவர். இலேசான குண்டு சரியான இடத்தில் பட்டால்தான் மான் உடனே விழும். ஆகவே மனமும் கையும் நிலைகொள்ளாவிட்டால் சுடாமலே திரும்பிவிடுவார். "துடிக்க விடறதுதாண்ணா பாவம்."

அவ்வாண்டு வண்டி ஓட்ட நானே உடன் போனேன். லிவர்மோருக்குத் தெற்கே மலைகளில், எங்கள் பழைய அலுவலக நண்பர் ஒருவரின் நிலம். பிற்பகலில் ஒரே ஒரு வெடிச்சத்தம். சுட்ட கணத்தில் மான் நகர்ந்திருக்க வேண்டும். குண்டு பின்னால் தள்ளிப் பட்டது. இரத்தத் துளிகளைத் தொடர்ந்து சரிவில் இறங்கினோம். அவை ஒரு கம்பி வேலிக்கடியில் நுழைந்து அப்பால் போயின. வேலியில், அனுமதியின்றி நுழையக் கூடாது என்ற பலகை. அப்பால் ஓக் மரத்தடியில் மான் படுத்திருந்தது. தலை நிமிர்ந்திருந்தது. எங்களையே பார்த்தது.

பலகையிலிருந்த எண்ணுக்கு அழைத்தேன். செய்தி விடச் சொன்னது இயந்திரம். வனத்துறை அதிகாரியை அழைத்தேன். உரிமையாளர் சம்மதமின்றி நுழையவோ சுடவோ வேண்டாம் என்றும், தாமே வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார். அவர் வர வேண்டிய தொலைவு அதிகம்.

"சட்டம் கெடக்குதுங்ணா. அது துடிக்குது." துப்பாக்கியைத் தூக்கினார். குழல் காற்றில் ஆடும் கொடிபோல ஆடியது. தாழ்த்தினார். பிறகு என்னிடம் நீட்டினார். "உங்க கை ஆடாதுங்களே."

நான் என் கைகளைப் பார்த்தேன். அவையும் ஆடிக்கொண்டிருந்தன. வாங்கவில்லை.

இடக்கையில் மானேந்திய பெருமானை வாழ்நாளெல்லாம் பாடியவன் நான். துள்ளும் மானுக்கு எத்தனையோ பாடல்கள் என் நினைவில் உண்டு. அந்த வேலியோரம் வாய் திறந்தேன். ஓர் அடியும் எழவில்லை. பழனிச்சாமி தரையில் அமர்ந்து கம்பியைப் பற்றிக்கொண்டார். நான் மறுபடி மறுபடி அழைத்தேன். வெயில் சரிவை விட்டு இறங்கியபோது மானின் தலையும் புல்லில் சாய்ந்தது.

அதன் பிறகு தொலைபேசி ஒலித்தது. உரிமையாளரின் மகன், பண்பான குரலில், "ஷ்யூர், கோ அஹெட்" என்றார். பழனிச்சாமி எழவில்லை. அதிகாரி வந்துதான் வேலியைத் தாண்டினார்.

பழனிச்சாமி அதற்குப்பின் தோட்டா நிறைக்கவில்லை. அடுத்த வசந்தத்தில், உறக்கத்திலேயே போய்விட்டார். சரோஜா டெக்சாஸில் மகன் வீட்டுக்குக் குடிபெயர்ந்தார். தொலைபேசியில் உடல்நலம் விசாரிப்போம். வேறு பேச்சு வளர்வதில்லை.

அந்த வேலியின் இருபுறத்து நிலங்களையும் இப்போது பூங்காவாக்கிவிட்டார்கள். கோயிலிலிருந்து திரும்புகையில், அங்கே சற்று நிறுத்தச் சொன்னேன். வேலி இல்லை, பலகை இல்லை. குழந்தைகள் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஓக் மரம் மட்டும் நின்றது. வேலி இருந்த இடத்திலிருந்து அதை நோக்கி நடக்கத் தொடங்கினேன்.

"அப்பா, வாட் ஆர் யூ லுக்கிங் ஃபார்?"

"ஒண்ணுமில்லம்மா."

மூச்சு வாங்குமுன்பே மரத்தடிக்கு வந்துவிட்டேன். அவ்வளவு அருகில்தான் இருந்திருக்கிறது.