காந்தாமோஸ் ஒப்பித்த நாள்

கடல் ஊருக்குள் வந்து போன அடுத்த வருடம், கல்லடியில் நாங்கள் இருந்த முகாமுக்கு ஸ்பெயினிலிருந்து ஒரு தாதி வந்தார்; பிள்ளைகளுக்கு அவர் 'மிஸ்'. பின்னேரங்களில் பிள்ளைகளை இருத்தித் தன் பாஷையில் 'பாடுவது' என்ற ஒரே சொல்லைப் பழக்கினார். தன் நெஞ்சைத் தொட்டு 'காந்தோ'. முன்னால் இருப்பவளுக்கு 'காந்தாஸ்'. தள்ளி நிற்பவளுக்கு 'காந்தா'. எல்லாரையும் சேர்த்தணைத்து, நாங்கள், 'காந்தாமோஸ்'. பிறகு நீங்கள், 'காந்தாய்ஸ்', அவர்கள், 'காந்தான்'. பாடுறன், பாடுறாய் என்று நாம் மாற்றுவதுபோலத்தான். எனக்கு ஒரே நாளில் பிடிபட்டது. எங்கள் குடும்பத்தில் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் அல்லவா நான்!

ஆனால் தாதியின் மடியில் இருந்தவள் சின்னம்மாவின் மகள். சின்னம்மாவைக் கடல் கொண்டுபோனபின் அவள் எங்களோடுதான் இருந்தாள். என்னைவிட மூன்று மாதம் இளையவள்; ஒருத்தியை ஒருத்தி 'கா' போட்டுத்தான் கூப்பிடுவோம். அம்மா முதலில் அவளுக்குத்தான் தலை பின்னுவார். மீனில் நடுத்துண்டும் அவளுக்கே. நான் முகத்தைத் தூக்கினால், "தாயில்லாப் புள்ளையோட போட்டி போடுறியா?" என்பார்.

புது வீடுகளுக்கு அத்திவாரம் போடும் நாளில் ஸ்பெயின்காரர்கள் முன்னால் ஒரு பிள்ளை அதை ஒப்பிக்க வேண்டும். எங்கள் இருவரில் ஒருத்தியைத் தாதி சோதித்துத் தெரிவுசெய்வதாக இருந்தது. சோதனையன்று காலை அவள் என்னிடம் வந்தாள்.

"கடைசி மூண்டும் குழம்புது. சொல்லித் தாகா."

"நாங்க எண்டா காந்தான். அவங்க எண்டா காந்தாமோஸ்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "சரிதானே?"

"சந்தேகமெண்டா உன்ட மிஸ்ஸிட்டப் போய்க் கேளுகா."

"வேணாம். நீ சொன்னாச் சரி."

தாதி இரண்டு தரம் கேட்டார். இரண்டு தரமும் நான் சொன்னபடியே ஒப்பித்தாள். தெரிவானது நான்தான். விழாவில் எல்லாரையும்விடப் பலமாகக் கை தட்டியவளும் அவள்தான். அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

முகாமுக்கு வந்ததும் அவளுடைய கொப்பியை எடுத்து விரித்தேன். ஆறு சொல்லும் சரியாக, பக்கம் பக்கமாக, அவளுடைய கையெழுத்தில், சோதனைக்கு முந்திய திகதிகளில். தெரிந்திருந்தும் பயத்தில் உளறியிருக்கிறாள், மக்கு என்று சந்தோஷப்பட்டேன்.

பின்னேரம் அம்மா எங்களுக்கு ஒதுக்கிய வீட்டின் அத்திவாரத்தைக் காட்டக் கூட்டிப்போனார். எங்கள் ஊர்ப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான், சீதனமாக. "இது உனக்கு, மகள்" என்றார் என்னிடம்.

அம்மா அந்தப் பக்கம் போனதும் அவள் என் கையைப் பிடித்தாள்.

"நானும் இதில இருக்கலாமாகா?"

தன் பெரியம்மாவான என் அம்மாவிடம் கேட்காமல் ஏன் என்னிடம் கேட்கிறாள் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

"யோசிச்சுச் சொல்றன்" என்றேன்.