இரண்டு விளையாட்டும் மூன்று விரலும்

அக்காவுக்குச் சட்டைத் தொழிற்சாலையில் செக்கிங் வேலை. ஒரு தையல் விட்டுப்போனாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. தம்பி அச்சகத்தில் தாள் வெட்டுகிறவன். ஐந்நூறு தாளை அடுக்கி வெட்டினாலும் ஓரம் மயிரிழை பிசகாது என்று பார்ப்பவர்களிடமெல்லாம் அக்கா பெருமையடிப்பாள். இரண்டு மாதத்துக்கு முன் அந்த வெட்டு இயந்திரம்தான் அவன் வலது கையில் இரண்டு விரலை எடுத்துக்கொண்டது.

அன்றிலிருந்து அவன் அறைக்கதவு சாத்தியே கிடந்தது. தட்டு உள்ளே போகும், பாதிச் சோற்றோடு வெளியே வரும். பிசியோதெரபிஸ்ட் அக்காவைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "புண்ணு ஆறிடுச்சும்மா. ஆனா கையை இப்படியே மடக்கி வச்சிருந்தா, ரெண்டு வாரத்துல மிச்ச மூணு விரலும் இறுகிடும். அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல."

கெஞ்சினாள், திட்டினாள், அழுதாள். அமுக்கிப் பழகக் கொடுத்த பந்து சுவரில் மோதித் திரும்பி வந்தது.

கடைசியில்தான் கம்ப்யூட்டர் ஞாபகம் வந்தது. முன்பெல்லாம் நண்பர்களோடு கோட்டை பிடிக்கிற விளையாட்டில் உட்கார்ந்தால் எழுந்திருக்கமாட்டான். அவள்தான் வயரைப் பிடுங்குவாள். இப்போது அவளே கூடத்துக் கம்ப்யூட்டரில் இரண்டு விளையாட்டை இறக்கி, நோட்டில் கோடு போட்டு ஒப்பிட்டுப் பார்த்தாள். இரண்டுமே ஜோடி சேர்ந்து ஆடுவது. ஒன்றில் முறை வைத்து ஆடலாம். யோசித்து ஒரு தரம் அமுக்கினால் போதும். மற்றதில் எல்லாரும் ஒரே நேரத்தில் பாய்வார்கள்; விரலுக்கு ஓய்வே இல்லை. அதில் தோற்றால் இன்னும் நொறுங்கிவிடுவானே என்று பயந்து நிதானமானதையே எடுத்தாள்.

"டேய், ஒரு ஆட்டம் வர்றியா? எனக்கு ஜோடி இல்ல."

"எது?"

சொன்னாள். கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

"என் கையைப் பார்த்துதானே அதை எடுத்தே? நீயே ஆடிக்கோ, போக்கா."

அப்படியே நான்கு நாள் ஓடிவிட்டது. இரண்டு வாரக் கெடுவில் மிச்சம் ஆறே நாள். ஞாயிற்றுக்கிழமை காலை, வேறு வழி தெரியாமல், அந்த வேகமான விளையாட்டைத் திறந்து தனியாக உட்கார்ந்தாள். வேலைப் பழக்கம் விடவில்லை. ஒவ்வொரு வீரனையும் நேராக நிறுத்தி, வரிசை சரியா என்று பார்த்த பிறகே அனுப்பினாள். அதற்குள் எதிரி உள்ளே வந்து கோட்டைக்குத் தீ வைத்துவிடுவான். அபாய மணி அடிக்கும். மறுபடி தொடங்குவாள். மறுபடி மணி.

ஏழாவது தரம் மணி அடித்ததும் கதவு படீரென்று திறந்தது.

"அக்கா! சண்டை போடுறியா, ஸ்கூல் பிரேயர் நடத்துறியா? நகரு!"

மவுஸைப் பிடித்தான். மோதிர விரலும் சுண்டுவிரலும் விறைத்து நின்றன. வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டான். மூன்றே நிமிடம். அவன் கோட்டையும் விழுந்தது. கையைப் பார்த்தான்; எழுந்து உள்ளே போய்விட்டான்.

அக்கா மேசையில் தலையைக் கவிழ்த்தாள். கெடுத்தது நான்தான், இனி அந்தக் கதவு திறக்காது என்று தோன்றியது.

எதிரே ஏதோ தொப்பென்று விழுந்த சத்தம். நிமிர்ந்தாள். அவனுடைய லேப்டாப். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு, விறைத்த சுண்டுவிரலை இடது கையால் நீவி நிமிர்த்திக்கொண்டிருந்தான். கண் கலங்கியிருந்தது.

"ஆரம்பி," என்றான், அவளைப் பார்க்காமலே. "வரிசை மட்டும் கட்டாதே."