அக்கா கேட்டது கிடைத்தது

என் அக்காவின் புருஷன் ஓடிப்போன அன்று நான் சந்தோஷப்பட்டேன். ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. குடித்துவிட்டு வந்து அவள் கையை முறுக்கி உடைத்தவன் அவன். அவன் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் அயர்ன் செக்‌ஷனில் இருந்த ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். விட்டது சனியன் என்று நான் கேசரி கிண்டினேன். அக்கா தொடவில்லை.

அவன் திரும்பி வர வேண்டும் என்று அவள் வெள்ளிக்கிழமை உபவாசம் ஆரம்பித்தாள். அருள்புரத்தில் ஒரு துணி குடோனுக்கு மேலே, தகரக் கூரை போட்ட ஹாலில் அவளுடைய சபை. அங்கே ஒரு வழக்கம். யாருக்காக ஜெபிக்கிறோமோ அவர் உடுத்திய துணியைக் கொண்டுபோக வேண்டும். பாஸ்டர் அதில் எண்ணெய் தொட்டு வைத்து, கை வைத்து ஜெபிப்பார். மற்றவர்கள் பிள்ளையின் யூனிஃபார்ம், மாமியாரின் சேலை என்று கொண்டுவருவார்கள். அக்கா அவனுடைய பழைய பனியனைக் கொண்டுபோவாள், வெள்ளிக்கிழமை தவறாமல். ஊரே உலகத்துக்குப் புதுப் பனியன் தைத்துக்கொண்டிருக்க, இவள் ஒரு கிழிசலை மஞ்சப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுவதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"வந்தா மறுபடியும் அடிப்பான்க்கா," என்பேன்.

"கர்த்தர் மாத்திக் குடுப்பாரு கண்ணு. நான் உடமாட்டேன்."

விடவில்லைதான். வெள்ளிக்கிழமைகளில் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல், தன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நாள் முழுக்க நின்று, தைத்து வந்த பீஸ்களில் குறை பார்ப்பாள். மயங்கி விழுந்து சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கியிருக்கிறாள். வருஷங்கள் போயின. பனியனில் எண்ணெய்க் கறை பெரிதாகிக்கொண்டே போனது.

போன தை மாதம் அவன் வந்தான். வாசலில் ஆட்டோ நின்றது. அந்தப் பெண்ணும் அவள் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கி, அவனைப் படியில் உட்கார வைத்தார்கள். பக்கவாதம். வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டிருந்தது. "எங்களால முடியலீங்க. உங்க ஊட்டுக்காரருதானுங்களே," என்று மரியாதையாகச் சொல்லி, மாத்திரைப் பையைக் கொடுத்துவிட்டு அவள் அதே ஆட்டோவில் ஏறிக்கொண்டாள். அவனுக்குப் பேச்சும் போயிருந்தது. ஒரே ஒரு கெட்ட வார்த்தை மட்டும் தேறியிருந்தது. அக்காவைப் பார்த்து அதைச் சொன்னான்.

சபையில் கல்யாண வீட்டுக் கொண்டாட்டம். பிளாஸ்டிக் நாற்காலியோடு அவனை மாடிக்குத் தூக்கினோம். தூக்க ஆள் போதாது என்று அக்கா என்னையும் இழுத்துப் போயிருந்தாள். சாட்சி சொல்லச் சொல்லி பாஸ்டர் அவள் கையில் மைக்கைக் கொடுத்தார். "கேட்டேன், குடுத்தாரு," என்றாள். எல்லோரும் அல்லேலூயா என்றார்கள். அவனும் தன் வார்த்தையைச் சொன்னான். பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு, "பாருங்க, நாவோட கட்டு அவிழுது," என்றார்.

இப்போது அக்கா வேலைக்குப் போவதில்லை. புரட்டிப் படுக்க வைக்க, பீ மூத்திரம் அள்ள, சோறு ஊட்ட அவனுக்கு ஒரு ஆள் முழுநேரமும் வேண்டும். சோறு சூடாக இருந்தால் நல்ல கையால் அவள் முகத்தில் அறைகிறான். வெள்ளிக்கிழமைகளில் அவள் இன்னும் சாப்பிடுவதில்லை.

"அதான் கெடச்சிருச்சே. இன்னும் என்னத்தக்கா கேக்கறே?" என்றேன் ஒரு நாள், அவன் துணிகளை அலசிக்கொண்டே.

அவள் அவன் படுத்திருந்த அறைப் பக்கம் பார்த்தாள். "முட்டி போடறேன். வாயில வரமாட்டேங்குது. கட்டுனவ அதைக் கேக்கக் கூடாது. நீ கேளு கண்ணு."

கடவுள் இருக்கிறாரா என்றே எனக்குத் தெரியாது. ஆனாலும் அன்றிலிருந்து தினமும் கம்பெனியில் என் ஓவர்லாக் தையல் மிஷினை ஓட்டுவதற்கு முன் கண்ணை மூடி, அவன் சாக வேண்டும் என்று கேட்கிறேன். மனதாரக் கேட்கிறேன்.

போன வாரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். டாக்டர் பிரஷர் பார்த்துவிட்டு, "நல்லா கவனிச்சுக்கறீங்கம்மா. இன்னும் ரொம்ப வருஷம் இருப்பாரு," என்றார். அக்கா தலையாட்டினாள். வெளியே வந்ததும் வீல்சேரைப் பிடித்தபடி என்னை முறைத்தாள்.

"நீ விசுவாசத்தோட கேக்கறதில்ல," என்றாள்.