கிளைகாலுக்கு ஏன் பச்சை நிறம்: மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரை

அன்று துணைக்கு யாரும் வரவில்லை. நான் பேசியவர்கள் மூன்று பேர்தான்: தி.நகரில், சுங்கத்தில் சரக்கை விடுவித்துத் தரும் கிளியரிங் ஏஜென்ட் சண்முகம், அங்கிருந்து என்னை ஏற்றிச் சென்ற ஆட்டோக்காரர், அடையாறில் மேரி. என் பையில் சீல் வைத்த சாம்பிள் பாட்டில் ஒன்று.

என் கணவர் ஆடியில் காலமானார். தொழிற்சாலைகளுக்கு எத்திலீன் கிளைகால் இறக்குமதி செய்து விற்றுவந்தார். அவர் கடைசியாக வரவழைத்த பீப்பாய்கள் துறைமுகத்தில் நிற்கின்றன. சுங்கவரிப் பட்டியலில் அவர் காட்டிய வகைப்பாடு இருபத்தொன்பதாம் அத்தியாயம். கலப்பில்லாத தனி வேதிப்பொருள்கள் அதில் வரும். சுங்கத்துறையோ, சரக்கு பச்சையாக இருப்பதால் இது வண்டி ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட், முப்பத்தெட்டாம் அத்தியாயம், தவறாகக் காட்டியிருக்கிறீர்கள் என்று நோட்டீஸ் அனுப்பிவிட்டது. சரக்கு போனால் போகட்டும். எழுந்து வந்து பதில் சொல்ல முடியாத மனிதர்மேல் 'பொய் சொன்னார்' என்ற வரி மட்டும் விழக் கூடாது. அதற்காகத்தான் கார்த்திகை முதல் வெள்ளிக்கிழமை கிளம்பினேன்.

காலை ஒன்பதே காலுக்கு மயிலாப்பூர் குளத்தருகே பேருந்து ஏறினேன். தி.நகர் பனகல் பூங்கா வரை ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர், மகளிருக்குக் கட்டணமில்லை. நான் பள்ளியோடு நின்றவள். இந்த இரண்டு மாதமாகப் பாராயணம் முடிந்ததும் அகராதியும் கையுமாக இருபத்தொன்பதாம் அத்தியாயத்தின் குறிப்புகளைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். அடையாளம் தெரிவதற்காகவோ பாதுகாப்புக்காகவோ நிறம் சேர்த்தால் பொருள் அதே அத்தியாயத்தில்தான் இருக்கும் என்று ஒரு குறிப்பு இருக்கிறது. அந்தச் சேர்க்கையால் அது ஏதோ ஒரு வேலைக்கென்றே ஆன பொருளாக மாறிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

சண்முகத்திடம் அதைக் காட்டினேன். "கரெக்ட்டும்மா. கூலன்ட்னா துருப்பிடிக்காம இருக்க மருந்து கலந்திருக்கணும். இதுல இல்லன்னு லேப்ல வந்துடும். ஆனா கலர் எதுக்குன்னு கேக்குறாங்களே, அதுக்கு லேப் பதில் சொல்லாது. தெரிஞ்ச ஆள் யாராவது சொல்லணும்" என்றார்.

தெரிந்த ஆள் என் கணவர். அடுத்தது மேரி.

ஆட்டோவுக்கு நூற்று எழுபது ரூபாய். சிக்னலில் பாட்டிலைச் சரிபார்க்க வெளியே எடுத்தேன். கண்ணாடியில் பார்த்துவிட்டு ஓட்டுநர், "இன்னாமா, கூலன்ட்டா? கார் வச்சிக்கினு ஆட்டோல போறியே!" என்று சிரித்தார். ஒரு பார்வையில் அவருக்கே அப்படித் தோன்றினால் அதிகாரியை என்ன குறை சொல்வது?

பச்சை வந்த கதை இதுதான். கிளைகால் பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும்; இனிக்கும்; விஷம். குடித்தவர் சாராயம் குடித்தவர் போலத் தள்ளாடுவார். முன்பு எங்கள் குடோனில் சுமை இறக்கிய ஜெயசீலன், யாரோ குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைத்திருந்ததைத் தண்ணீர் என்று குடித்துவிட்டார். பிழைக்கவில்லை. இனி நிறம் போட்டே அனுப்புங்கள் என்று என் கணவர் வெளிநாட்டுக் கம்பெனிக்குச் சொன்னார். என்ன நிறம் என்று கேட்டார்கள். அவர் நேராகக் கற்பகாம்பாள் சன்னதிக்குப் போனார். அன்று அம்பாளுக்குப் பச்சைப் பட்டு. பச்சை என்றே சொல்லிவிட்டார். கூலன்ட் பச்சையாக இருக்கும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. அன்று நினைவில் வரவில்லை. சிவப்புப் பட்டு சாத்தியிருக்கக் கூடாதா தாயே என்று இப்போது நான் தினமும் கேட்கிறேன்.

மேரி பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்க்கிறாள். ஜெயசீலனின் மனைவி. அவள் வீட்டு வாசலிலேயே காத்திருந்தேன்; மூன்றரைக்கு மேல் வந்தாள்.

"சார் போனது லேட்டாத்தான் தெரியும்க்கா" என்றாள். பாட்டிலைப் பார்த்தாள், தொடவில்லை. "இப்ப கலர் போட்டா வருது?"

"அப்போதிருந்தே இப்படித்தான் வருது மேரி. உன்கிட்ட சொல்லவே இல்லையா?"

"யாரு சொன்னாங்க?" டீ வைத்தாள். "அன்னிக்கு அவரு தள்ளாடிக்கினே வந்து வாசல்ல வுழுந்தாரு. ஜெயசீலனும் ஆரம்பிச்சிட்டான்டான்னு சிரிச்சாங்க. கிட்னி போயி செத்தப்ப, குடிச்சே செத்தான்னாங்க. பீடி கூட தொடாத மனுஷன். சாரு டாக்டர்கிட்ட சொன்னாரு. எங்க தெருவுல வந்து சொல்லல."

நிறம் ஏன் வந்தது என்று சுங்க விசாரணையில் சாட்சி சொல்ல வர வேண்டும் என்று கேட்டேன்.

"வர்றேன்க்கா. ஆனா பொத்தாம்பொதுவா விபத்துன்னு எழுதாதீங்க. அவரு பேரு போடுங்க. தண்ணின்னு நெனச்சு குடிச்சாரு, குடிகாரர் இல்லன்னு போடுங்க. கவர்மென்ட் முத்திரையோட அது எங்கியாவது ஒரு காகிதத்துல இருக்கணும். சர்ச் வாசல்ல கொண்டு போய் காட்டுவேன்."

வெளியே வந்து சண்முகத்துக்குப் போன் செய்தேன். "வேணாம்மா. கலருக்கு ஒரு வரி போதும். ஆள் பேரு, சாவுன்னு போட்டா, குடோன்ல கவனமில்லன்னு சார் மேலயே திரும்பும்" என்றார்.

திரும்பும்போது சன்னதியில் நின்றேன். அன்று மஞ்சள் பட்டு. என் கணவர் பெயரைக் காக்கப் போன இடத்தில் இன்னொருவர் பெயரும் அதே பாட்டிலுக்குள் கிடக்கிறது. ஜெயசீலன் பெயரைப் போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். அவர்மேல் திரும்பினால் திரும்பட்டும். அந்தத் தெருவுக்குப் போய் அவர் சொல்லியிருக்க வேண்டியதுதான்.

இப்படி அலையப் போகிறவர்களுக்கு: சரக்கில் எதைச் சேர்த்தாலும் ஏன் சேர்த்தோம் என்பதை அன்றே கம்பெனிக்காரரிடம் எழுதி வாங்கிவிடுங்கள். நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த நிறத்தில் கடையில் வேறு என்ன விற்கிறது என்று பாருங்கள். சாம்பிளைத் துணிப்பையில் மூடியே கொண்டுபோங்கள்.

விசாரணை அடுத்த மாதம். சாட்சி சொல்வது இறுதி ஆணையில் அப்படியே, பெயரோடு பதிவாகுமா? அதற்கு எப்படி எழுதிக் கேட்க வேண்டும்? அது உறுதியில்லை என்று மேரிக்கு இன்னும் சொல்லவில்லை. தெரிந்தவர்கள் தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.