அபிநயா தானே சாப்பிடுவாளா?

போன புதன்கிழமை பாரிஸின் லாச்சப்பலில் ஒரு வீட்டில் என் தமிழ் தோற்றுப்போனது. அதுவும் எப்போது? அதை நானே மெச்சிக்கொண்டிருந்த நேரத்தில்!

விஷயம் இதுதான். மூட்டுவாதம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் ஆஸ்பத்திரியில் ஒரு கேள்விப் படிவம் நிரப்ப வேண்டும். பிள்ளை தானே உடுப்புப் போடுமா, தலை கழுவுமா, கத்தியால் இறைச்சி வெட்டுமா... கஷ்டமில்லை, கொஞ்சம் கஷ்டம், முடியாது — ஏதாவது ஒன்றுக்குப் புள்ளடி போட்டால் போதும். பிரெஞ்சில் இருந்த அதைத் தமிழாக்கும் வேலை எனக்கு வந்தது. துருக்கிக் குடும்பங்களுக்காக அதே படிவத்தை மாற்றி எழுதிய தோழி எமினே முன்கூட்டியே எச்சரித்தாள். "சொல்லை மாற்றினால் போதாது. அந்த வீட்டில் அந்த வேலையை யார் செய்கிறார்கள் என்று பார்."

பார்த்தேனா? எங்கே! கத்தியையும் இறைச்சியையும் தூக்கிவிட்டு, 'தானே சோறு குழைத்துச் சாப்பிடுவாரா?' என்று எழுதியதிலேயே எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதை முதலில் நிரப்பிப் பார்த்தவர் அந்த லாச்சப்பல் வீட்டுச் சுகந்தி. சேலைக் கடையில் வேலை. மகள் அபிநயாவுக்கு ஒன்பது வயது; இரண்டு வருடமாக மூட்டுவாதம். ஐந்தே நிமிடத்தில் தாளை நீட்டினார். எல்லாவற்றுக்கும் 'கஷ்டமில்லை'.

"பிள்ளைக்கு இப்ப நல்ல சுகம் போல?" என்றேன்.

"ஓம் அக்கா. போன முறை பிரெஞ்சுத் தாளிலையும் இப்பிடித்தான் போட்டனான். ஊசியைக் குறைச்சுப் பாப்பம் எண்டு டொக்டர் சொன்னவ. அடுத்த கிழமை முடிவு சொல்லுவா."

நல்ல செய்திதானே? நானும் மகிழ்ந்தேன். சுகந்தி சோற்றைப் பருப்போடு குழைத்து, உருட்டி, மகளுக்கு ஊட்டத் தொடங்கும்வரை.

"ஏன், அபிநயா தன்ரை கையாலை சாப்பிடமாட்டாளோ?"

"நான் இருக்கேக்கை அவள் ஏன் அக்கா கஷ்டப்படோணும்?"

சட்டைப் பொத்தான்? அம்மா பூட்டுவார். தலை? அம்மா கழுவுவார். சுகந்தி ஒரு பொய்யும் எழுதவில்லை. எல்லாவற்றையும் அம்மா செய்கிற வீட்டில் பிள்ளைக்கு என்ன கஷ்டம்?

சோற்றுக் கோப்பையை மெல்ல அபிநயா பக்கம் நகர்த்தினேன். அவளும் ஆசையாகத்தான் கை வைத்தாள். விரல்கள் மடங்கவில்லை. சோறு பிடிபடாமல் சிந்தியது. மூன்றாம் தடவை கையை மேசைக்குக் கீழே ஒளித்துக்கொண்டாள்.

"பள்ளிக்கூடத்திலை என்னெண்டு சாப்பிடுறனீங்கள், குஞ்சு?"

பிரெஞ்சில் பதில் வந்தது. கன்டீனில் கத்தியும் முள்ளுக்கரண்டியும் பிடிக்க முடியாதாம். அதனால் பாண் ரொட்டி மட்டும்தான் சாப்பிடுவாளாம்... தினமும். ஏன் அம்மாவிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அதற்கு மட்டும் தமிழில் சொன்னாள்.

"சொன்னா அம்மா அழுவா."

அம்மா அழுதார். இத்தனை அன்பு உள்ள வீட்டில், இத்தனை நாள் ஒரு குழந்தை பசியை மறைத்திருக்கிறது. என் அழகான படிவமும் அதைக் கண்டுபிடிக்கவில்லை.

சுகந்தி முகத்தைத் துடைத்துக்கொண்டு புதுத் தாள் கேட்டார். இந்தமுறை ஒவ்வொரு கேள்வியையும் மகளிடம் வாசித்து, அவள் செய்வதைப் பார்த்து, பிறகே புள்ளடி போட்டார். முக்கால் மணி நேரம் ஆனது. பாதிக்கு மேல் 'முடியாது'. ஊசியைக் குறைப்பதா என்று முடிவெடுக்க டாக்டர் பார்க்கப்போவது அந்தத் தாளைத்தான். நானும் படிவத்தின் தலையில் ஒரு வரி சேர்த்தேன்: 'நீங்கள் உதவாதபோது உங்கள் பிள்ளையால் என்ன முடியும் என்று எழுதுங்கள்.'

எல்லாம் முடிந்ததும் சுகந்தி ஆறிப்போன கோப்பையைத் தன் பக்கம் இழுத்தார். என்னைப் பார்த்துக் கொஞ்சம் பயத்தோடு கேட்டார்.

"உண்மை எழுதியாச்சு. மிச்சச் சோத்தை நான் தீத்தலாம்தானே அக்கா?"

ஊட்டாதே என்று எந்தப் படிவம் சொல்லும்? நான் பேனாவை மூடிவிட்டேன்.